கம்ப்யூட்டருக்குத் துபாஷி தந்தவர்

பந்தல்குடிக்கு மிளகாய் வத்தல் வாங்க ஒரு வடநாட்டு வியாபாரி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவருக்குத் தமிழ் தெரியாது. சம்சாரிக்கு இந்தி தெரியாது. நடுவே இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு துபாஷி வேண்டும்.

அதே வியாபாரி குண்டூருக்குப் போனால்? தெலுங்கு தெரிந்த வேறு துபாஷி போதும். வியாபாரி மாற வேண்டியது இல்லை.

கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு துபாஷி உண்டு. அந்த ஏற்பாட்டைச் செய்தவர், கேரி கில்டால்.

மாலுமி வாத்தியார்

கில்டால் 1942-ம் ஆண்டு மே 19-ந் தேதி, அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம், மாலுமிகளுக்குக் கடல் வழி கற்றுக் கொடுக்கும் பள்ளிக்கூடம் நடத்தியது. கில்டாலும் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

1972-ல் டாக்டர் பட்டம் பெற்றார். கலிபோர்னியாவில் கடற்படைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார்.

1974-ல், சிறிய கம்ப்யூட்டரை நடத்துவதற்கு சி.பி.எம். என்ற மென்பொருளை எழுதினார். மனைவி டாரதியுடன் சேர்ந்து கம்பெனி தொடங்கினார்.

பிறந்தது பயாஸ்

அப்பொழுது ஒரு தொல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒவ்வொரு விதம்! புது இயந்திரம் வந்தால், மென்பொருளையும் திருத்தி எழுத வேண்டும்.

கில்டால் ஒரு யுக்தி செய்தார். இயந்திரத்தோடு பேசும் பகுதியை மட்டும் தனியே பிரித்தார். அதற்கு பயாஸ் என்று பெயர் வைத்தார்.

அதுதான் துபாஷி! இயந்திரம் மாறினால் பயாஸை மட்டும் மாற்றினால் போதும். மற்றவை அப்படியே இருக்கலாம்.

பல கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் சி.பி.எம். ஓடியது. பணம் குவிந்தது.

கை நழுவியது

1980-ல் ஐ.பி.எம். கம்பெனியார் கில்டாலைத் தேடி வந்தார்கள். பேச்சு உடனே முடியவில்லை. அவர்கள் மைக்ரோசாப்ட் கம்பெனியிடம் போனார்கள். சி.பி.எம். போலவே நடக்கும் ஒரு மென்பொருளை, வேறு கம்பெனியிடம் வாங்கி மைக்ரோசாப்ட் கொடுத்தது.

ஐ.பி.எம். கம்ப்யூட்டர் 1981-ல் வந்தது. மைக்ரோசாப்ட் சரக்கின் விலை 40 டாலர். பிறகு வந்த கில்டாலின் சரக்கு 240 டாலர்! ஜனங்கள் எதை வாங்குவார்கள்?

ஆனால், ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு சில்லில் பயாஸ் இருந்தது! அதுபோல நடக்கும் பயாஸை மற்ற கம்பெனிகளும் சொந்தமாக எழுதின. ஒரே மென்பொருள் எல்லாக் கம்பெனி இயந்திரங்களிலும் ஓடியது. போட்டி வந்தது. விலை இறங்கியது.

1994-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி கில்டால் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 52.

பயாஸ் இருந்த இடத்துக்கு இன்று யு.இ.எப்.ஐ. வந்திருக்கிறது. பந்தல்குடி மாணவி கம்ப்யூட்டர் பொத்தானை அழுத்தியதும், முதலில் விழிப்பது அந்தத் துபாஷிதான்.

பெரும் பணம் கில்டாலின் கையை விட்டுப் போயிற்று. அவர் போட்ட பாதை போகவில்லை.