ஹால்டேன் அமைத்த படை

ஹால்டேன் என்றதும் புவனேசுவரத்தில் 1964-இல் மறைந்த உயிரியல் அறிஞரே பலருக்கும் நினைவுக்கு வருவார். அவரைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் அவருடைய பெரியப்பா ரிச்சர்ட் ஹால்டேனை நான் அறிந்தேன். 1856-இல் எடின்பரோவில் பிறந்தவர், ஜெர்மனியில் தத்துவம் பயின்றவர், ஷோபன்ஹவரின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த இருவருள் ஒருவர், தொழிலால் வழக்குரைஞர். 1905 டிசம்பரில் பிரிட்டனின் போர்த்துறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

தென்னாப்பிரிக்காவில் போயர் போர் முடிந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. உழவர் படையொன்றை அடக்கப் பேரரசு பட்ட பாடு அனைவரும் அறிந்தது. நிரந்தரப் படைக்குத் துணையாக மிலிஷியா, யோமன்ரி எனும் குதிரைப்படை, தொண்டர் படை ஆகிய மூன்றும் மூன்று திசையில் இயங்கின. ஆள்களுக்குக் குறைவில்லை, கட்டமைப்புதான் இல்லை.

ஹால்டேன் 1907-இல் சட்டம் கொண்டுவந்தார். 1908 ஏப்ரல் 1 முதல் யோமன்ரியும் தொண்டர் படையும் இணைந்து பிரதேசப் படையாயின. 14 காலாட்படை டிவிஷன்கள், 14 குதிரைப்படை பிரிகேடுகள். ஒவ்வொரு டிவிஷனுக்கும் சொந்தப் பீரங்கி, பொறியாளர், போக்குவரத்து, மருத்துவப் பிரிவுகள். மிலிஷியா, நிரந்தரப் படையின் இழப்பை ஈடுசெய்யும் சிறப்புக் காப்புப் படையானது. ஆள்சேர்ப்பையும் நிர்வாகத்தையும் மாவட்டந்தோறும் அமைந்த சங்கங்களிடம் அவர் விட்டதே, என் பார்வையில், திட்டத்தின் உயிர்நாடி. ஊர்ப் பெருமையும் அதனால் படைக்குப் பலமானது.

குறையும் இருந்தது. கடல் கடந்து போரிடும் கட்டாயம் அப்படையினருக்கு இல்லை. 1914-இல் போர் அமைச்சரான கிச்சனர் அவர்களை நம்பாமல் புதுப்படை திரட்டினார். ஆயினும் அவர்களில் மிகப் பலர் தாமாகவே முன்வந்தனர். அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தின் மெசின் அருகே லண்டன் ஸ்காட்டிஷ் பட்டாலியன் களமிறங்கியது. மூன்று பிரதேச டிவிஷன்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதால், இங்கிருந்த நிரந்தரப் படைகளை ஐரோப்பியப் போர்முனைக்கு அனுப்ப முடிந்தது.

இவ்வளவும் செய்தவரைத்தான் பத்திரிகைகள் ஜெர்மானியக் கைக்கூலி என்று தூற்றின. அவர் அங்கே படித்ததும், 1912-இல் சமரசம் பேச பெர்லின் சென்றதும் குற்றங்களாயின. 1915 மே மாதம் கூட்டணி அரசு அமைந்தபோது, எதிர்க்கட்சியின் நிபந்தனைக்குப் பணிந்து, நெடுநாள் நண்பரான பிரதமர் அஸ்குவித்தே அவரைக் கைவிட்டார். அவதூறு பேசியவர்களைவிட அந்த நண்பரின் மௌனமே என்னை உறுத்துகிறது.

1919 ஜூலை 19 அன்று லண்டனில் வெற்றி அணிவகுப்பு நடந்தது. அது முடிந்ததும் தளபதி ஹெய்க், ஹால்டேனின் வீட்டுக்கு நேரில் சென்று அவரைக் கண்டார்.