டார்வின் என்றொரு தந்தை

மனிதனுக்குக் குரங்கோடு உறவு சொன்ன மாபாவி என்று மதவாதிகள் ஏசினார்களே, அந்த டார்வினைத்தான் சொல்கிறோம். கல்நெஞ்சர் என்றா எண்ணுகிறீர்கள் தோழர்களே? கேளுங்கள்!

1809-ல் பிறந்தவர் 1882-ல் மறைந்தார். 73 ஆண்டு வாழ்வில் உலகைச் சுற்றிய கப்பல் பயணம் ஐந்தே ஆண்டு. 1842 முதல் இறுதிவரை இங்கிலாந்தின் டவுன் என்னும் சிற்றூரில், மனைவி எம்மாவோடும் மக்களோடும்தான் வாழ்ந்தார். பிறந்த பிள்ளைகள் பத்து. ஆராய்ச்சி அறைக்குள் ஓடிவருவார்கள், தடுத்தாரில்லை. உலகையே உலுக்கிய அவர் நூலின் கையெழுத்துத் தாள்கள் சில இன்றும் இருக்கின்றன. பின்புறம் திருப்பினால், பிள்ளைகள் தீட்டிய படங்கள்!

1851-ல் பத்து வயது மகள் ஆனி நோயுற்றாள். எம்மாவோ நிறைமாதக் கர்ப்பிணி. மால்வெர்ன் நகரில் மகளின் படுக்கையருகே காத்துக் கிடந்தவர் தந்தைதான். தாய்க்கு நாள்தோறும் கடிதம் எழுதினார். ஏப்ரல் 23-ல் ஆனி கண்மூடினாள்.

அம்மையார் ஆழ்ந்த பக்தி கொண்டவர். கணவரோ நம்பிக்கை இழந்தவர். மறுமையில் பிரிய நேருமோ என்ற அச்சம் அம்மையாருக்கு. மணமான புதிதில் அதை ஒரு கடிதமாக எழுதித் தந்தார். எள்ளி நகையாடவில்லை டார்வின். கடைசிவரை அதைக் காத்து வைத்திருந்தார். இரவானால் இருவரும் பாக்கம்மன் என்னும் காய் ஆட்டம் ஆடுவார்கள். வெற்றி தோல்விக்குக் கணக்கு வேறு!

1858 ஜூலை 1. லண்டன் லின்னேயன் கழகத்தில், வாலேசின் கட்டுரையோடு டார்வினின் கொள்கையும் முதன்முதலாகப் படிக்கப்பட்டது. இருபதாண்டு உழைப்பு அரங்கேறிய நாள்! அவரோ அவையில் இல்லை. ஒன்றரை வயது மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து மூன்றே நாள். டவுன் ஊர் வீட்டில், எம்மாவின் அருகில் இருந்தார்.