ஆந்தைக்கு அடைக்கலம் தந்த சீமான்

வீட்டின்மேல் ஆந்தை அலறினால் சாவு வரும் என்று நம் ஊர்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்து தேசத்திலும் இருந்தது. அதைத் தம் வீட்டைவிட்டே ஓட்டிய ஒரு கத்தோலிக்கச் சீமானின் வரலாற்றை இன்று கேளுங்கள்.

சார்லஸ் வாட்டர்ட்டன் 1782ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், யார்க்ஷயர் நாட்டில் வால்ட்டன் ஹால் என்னும் மாளிகையில் பிறந்தார். ஏரி நடுவே ஒரு தீவில் அமைந்த மாளிகை அது. வேதசாட்சியான அர்ச். தோமாஸ் மூரின் இரத்தம் அக்குடும்பத்தில் ஓடியது. கத்தோலிக்கருக்குப் பாராளுமன்றமும் அரசாங்கப் பதவிகளும் அடைக்கப்பட்டிருந்த காலம். ஆயினும் அவர்கள் விசுவாசத்தை விடவில்லை.

சேசுசபைக் குருக்களின் ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியில் சார்லஸ் படித்தார். பையனுக்குப் பிராணிகள்மேல் இருந்த ஆசையைக் கண்ட குருக்கள், கல்லூரியில் எலி பிடிக்கும் வேலையை அவரிடமே ஒப்படைத்தார்கள்! 1804இல் குடும்பத் தோட்டங்களை மேற்பார்க்கத் தென் அமெரிக்காவிலுள்ள கயானாவுக்குப் போனார். 1812இல் காட்டுக்குள் நெடுந்தூரம் சென்று, கொடிய காய்ச்சலில் விழுந்து, 1813இல் வீடு திரும்பினார்.

அதுவரை வால்ட்டன் ஹாலில் கூகைகளுக்குப் பொல்லாத காலம். மாளிகையை மேற்பார்த்த முதிய அம்மாளுக்கு அவற்றின் குரல் கேட்டாலே நடுக்கம். யாராவது நோயாய்க் கிடந்தால் கூகை சன்னலண்டை வந்து எட்டிப் பார்க்கும் என்று திடமாய் நம்பினாள். அவளுடைய தயவைப் பெற, வேட்டைக் காவலனும் கண்ட கூகையைச் சுட்டு வந்தான்.

திரும்பி வந்த வாட்டர்ட்டன் இதற்கு முடிவு கட்டினார். கத்தோலிக்கரை ஒடுக்கிய தண்டனைச் சட்டங்களின் பெயரையே இக்கொடுமைக்கும் வைத்தார். தாம் பட்ட துன்பமே தமக்கு இரக்கத்தைக் கற்பித்தது என்று பின்னாளில் எழுதினார். இடிந்த பழைய வாசற்கோபுரத்தின்மேல் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு, நான்கடிச் சதுரத்தில் ஓர் அறை கட்டி, உட்கார ஒரு கருவாலிக் கட்டையும் பதித்தார். ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு கூகைச் சோடி அங்கே குடியேறியது! அவற்றைத் தொட்டால் கழுத்தை நெரிப்பேன் என்று காவலனை மிரட்டினார். வருகிற நோய்க்கும் துக்கத்துக்கும் தாமே பொறுப்பு என்று அம்மாளுக்கு வாக்களித்தார். அவள் தலை வணங்கினாளே தவிர, மனம் மாறவில்லை. ஆனால் அவள் கூகைகளின் அருகிலேயே வாழ்ந்து, 84ஆம் வயதில்தான் இறந்தாள்!

அறையை ஒருமுறை சுத்தம் செய்த பின் 16 மாதம் விட்டுவைத்துப் பார்த்தார். கூகை, தின்ற இரையின் எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அவ்வுருண்டைகள் ஒரு புஷலுக்கு, அதாவது 36 லிட்டர் அளவுக்கு மேல் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு முதல் ஏழு சுண்டெலிகளின் எலும்பு! குஞ்சுகள் உள்ள காலத்தில் 12 அல்லது 15 நிமிடத்துக்கு ஒரு சுண்டெலி கூட்டுக்கு வந்தது. சாவைக் கொண்டுவருவதாகப் பழி சுமந்த பறவை, உண்மையில் தானியத்தைக் காத்துவந்தது.

1821 முதல் 1826 வரை தம் தோப்பைச் சுற்றி மூன்று மைல் நீள மதில் எழுப்பி, உள்ளே துப்பாக்கிச் சத்தமே கூடாது என்று விதித்தார். உலகின் முதல் பறவைச் சரணாலயங்களுள் ஒன்று இது. எலிக்கு மட்டும் அவரிடம் இரக்கமில்லை. ஹனோவர் வம்ச அரசரோடு கப்பலேறி வந்த பிராணி என்று ஏசுவார்!

1830இல், மணமாகி ஓராண்டுக்குள், மகனைப் பெற்ற சில நாட்களில் மனைவி இறந்தாள். அன்று முதல் அவர் தரையிலேயே, மரக்கட்டையைத் தலையணையாக வைத்துப் படுத்தார். 1865 மே 27இல், தம் தோப்பில் தடுக்கி விழுந்த காயத்தால் காலமானார். பிறந்த நாளான ஜூன் 3இல், அத்தோப்பிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

வாசகர்களே, உங்கள் வீட்டு மச்சிலோ ஓட்டு இடுக்கிலோ கூகை குஞ்சு பொரித்திருக்கக் கண்டால் கல்லெடுக்காதீர்கள். குஞ்சுகள் பறக்க இரண்டு மாத அளவு பொறுத்திருங்கள். வேண்டுமானால் பிறகு துவாரத்தை அடைத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டமும் அப்பறவையைக் காக்கிறது. ஆந்தைக்கு அஞ்சும்படி உங்கள் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டாம். எலிகளைத் தின்று நமக்கு உதவும் சிருஷ்டி என்று சொல்லிக்கொடுங்கள்.