புல்லின் பூர்வீகம் தேடிய ஜானகி அம்மாள்

கரும்பும் ஆற்றங்கரை நாணலும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். ஆனால் நாம் காப்பியில் போடும் சர்க்கரையில் அந்த நாணலுக்கும் பங்கு உண்டு. அந்த நாணலின் குரோமோசோம்களை எண்ணி, அதன் பூர்வீகம் இந்தியாவே என்று காட்டியவர் டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மாள்.

1897 நவம்பர் 4ந் தேதி, அந்நாளைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் சப்-ஜட்ஜ். சகோதரிகள் மணமுடித்துச் செல்ல, ஜானகி படிப்பையே நாடினார். சென்னை ராணி மேரிக் கல்லூரி, மாநிலக் கல்லூரி ஆகியவற்றில் பயின்று, 1921ல் தாவர இயலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பெண்கள் கிறிஸ்துவக் கல்லூரியில் சில காலம் ஆசிரியை. பின்னர் உபகாரச் சம்பளத்தில் அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931ல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். திருவனந்தபுரத்தில் இரண்டாண்டு பேராசிரியை.

1934ல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கரும்பு நன்கு பூத்து விதை பிடிக்கும் இடம் என்பதால் 1912ல் அங்கு அமைக்கப்பட்ட நிலையம் அது. உயர்ரகக் கரும்பையும் உள்ளூர் நாணலையும் இணைத்து உண்டாக்கிய கோ 205 என்ற ரகம், ஜானகி வருமுன்பே பஞ்சாப் வரை பரவியிருந்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மனிதனின் உயிரணுவில் 46 குரோமோசோம்கள்; பாதி தாய் வழி, பாதி தந்தை வழி. உயர்ரகக் கரும்புக்கு 80, கோவை நாணலுக்கு 64. அந்த முறைப்படி பிள்ளைக்கு 40ம் 32மாக 72 வரவேண்டும். ஆனால் கோ 205க்கு 112! தாய்க்கரும்பு தன் 80ஐயும் அப்படியே கொடுத்துவிட்டது. ஜாவாவிலிருந்த டச்சு விஞ்ஞானிகள் இந்த விநோதத்தை முன்பே கண்டிருந்தனர். விலங்குகளில் பெரும்பாலும் ஆபத்தாக முடியும் இந்தப் பெருக்கத்தைத் தாவரங்கள் சாதாரணமாகத் தாங்கிக்கொள்கின்றன. ஒரே மரபுக்கூறு பல பிரதிகளாக இருப்பதால், ஒன்று வழக்கமான வேலையைப் பார்க்க, மற்றொன்று மாறிப் புதுக் குணம் பெற வழி கிடைக்கிறது.

ஜானகி அம்மாள் நாணலைப் பல வட்டாரங்களிலிருந்தும் வரவழைத்து எண்ணினார். இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறியது. ஆசியா முழுவதும் பார்த்தால் அது 40லிருந்து 128 வரை போகிறது. கரும்பை மக்காச்சோளத்துடனும் இணைத்து, 1938ல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார். அந்தக் கலப்பு வயலுக்கு வரவில்லை. என்றாலும் புல் இனங்களின் உறவு எவ்வளவு நெருங்கியது என்பதை அது காட்டிற்று. நாணலின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது 2018ல்தான். குரோமோசோம்கள் உடைந்தும் ஒட்டியும் அதன் அடிப்படை எண் 10லிருந்து 8ஆகக் குறைந்த கதை அதில் வெளிப்பட்டது. நுண்ணோக்கியும் பொறுமையும் மட்டுமே துணையாக இருந்த காலத்தில் அம்மையார் செய்த வேலையின் அருமை இப்போது இன்னும் நன்றாக விளங்குகிறது.

1940 முதல் லண்டனில், யுத்த காலத்தில், ஜான் இன்னஸ் நிலையத்தில் பணி. டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945ல் ஒரு பெருநூலை வெளியிட்டார். அடுத்து விஸ்லி தோட்டம். அங்கு மக்னோலியா மரங்களுக்குக் கால்சிசின் மருந்திட்டுக் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். (நம் செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் உள்ள அதே நஞ்சுதான்.) ஒரு மக்னோலியா ரகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

1951ல் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பேற்றார். இமயமலைச் செடிகளை ஒப்பிட்டு, குளிரும் ஈரமும் மிக்க வடகிழக்கில் குரோமோசோம் பெருக்கம் அதிகம் என்றும், குளிரும் வறட்சியுமான வடமேற்கில் குறைவு என்றும் கூறினார். புதிய இனங்கள் எங்கே மிகுதியாகத் தோன்றுகின்றன என்பதற்கு இது ஒரு விளக்கம்.

1970ல் சென்னை வந்து, பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆராய்ச்சிக் களத்தில் மூலிகைத் தோட்டம் வளர்த்தார். 1977ல் பத்மஸ்ரீ. அப்போது பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில் குந்தி நதியைத் தடுத்து மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டிருந்தனர். அரசாங்க நிறுவனங்களிலேயே பெரும்பகுதி வாழ்நாளைக் கழித்தவர் அதை வெளிப்படையாக எதிர்த்தார். அணை வந்தால் மூழ்கவிருந்த காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுத்துவிடவும் எண்பது வயதுக்குமேல் துணிந்தார். ஒரு நெல்லோ கரும்போ நோய்க்கு இரையானால், அதன் காட்டு உறவினரிடம்தான் கைநீட்ட வேண்டும் என்பது கோவையிலேயே அவர் கண்ட பாடம்.

1983ல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7ந் தேதி மதுரவாயலில் அம்மையார் காலமானார். அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அவ்வாண்டு நவம்பரில்.