இடுகுறிப் பெயரிட்ட வணிகர்

பெயர்ச்சொற்களைக் காரணப்பெயர் என்றும் இடுகுறிப்பெயர் என்றும் பகுத்தனர் நம் இலக்கணிகள். வணிகர் பெரும்பாலும் காரணப்பெயரையே நாடுவர். ஊரும் குலதெய்வமும் விற்கும் பொருளும் கடைப்பெயராகும். அமெரிக்கரான ஜார்ஜ் ஈஸ்ட்மனும் முதலில் அவ்வழியே சென்றார்.

1854இல் நியூயார்க் மாநிலத்து வாட்டர்வில்லில் பிறந்தவர் அவர். ஏழு வயதில் தந்தையை இழந்தார். தாய் மரியா கில்போர்ன் ராச்செஸ்டர் நகரில் பிறர்க்கு உணவும் உறையுளும் அளித்துக் குடும்பம் காத்தார். 14ஆம் வயதில் பள்ளியை விட்ட மகன் வங்கி எழுத்தரானார்; இரவுகளில் தாயின் சமையலறையில் ஒளிப்படத் தகட்டுக்குரிய பூச்சினை ஆய்ந்தார். 1881இல் ஈஸ்ட்மன் உலர்தகட்டு நிறுவனம் எழுந்தது. 1884இல் படச்சுருளும் அப்பெயரிற் புகுந்தது. செய்பொருள் பெருகுந்தோறும் காரணப்பெயர் நீண்டது.

1888இல் எளிய ஒளிப்படக் கைப்பெட்டி ஒன்றைப் படைத்தபோது ஈஸ்ட்மன் வேறு வழி கண்டார். ககர மெய்யின் வன்மை அவர்க்கு உவப்பானது. தாயின் குடிப்பெயர் தொடங்குவதும் அவ்வொலியிலேயே. அதனை முதலிலும் ஈற்றிலும் நிறுத்தி, இடையில் எழுத்துக்களை மாற்றி மாற்றி அமைத்துக் 'கோடாக்' என்று முடித்தார். குறுகியது, பிழைபட ஒலிக்க இயலாதது, அத்தொழிலில் வேறெதனையும் ஒவ்வாதது என்பன அவர் காட்டிய தகுதிகள். (வல்லின மெய்யில் சொல்லை முடிக்காத தமிழ்நா ஓர் உகரம் சேர்த்திருக்கும், அஃது அவர் அறியாதது.) பெட்டி மூடித் திறக்கும் ஓசையே பெயராயிற்று என்று சிலர் உரைத்தனர். பொருளில்லாச் சொல்லை மனித மனம் எளிதில் ஏற்பதில்லை போலும்!

1888 செப்டம்பர் 4இல் அப்பெயர் பதிவாயிற்று. 25 டாலர் விலை; 100 படங்கள். எடுத்து முடித்தபின் பெட்டியையே ராச்செஸ்டருக்கு அனுப்பினால் படங்களும் புதுச்சுருள் இட்ட பெட்டியும் திரும்பி வரும். 1892இல் நிறுவனமே ஈஸ்ட்மன் கோடாக் ஆனது.

பின்னர் வந்தது எதிர்பாராத இடர். எவர் செய்த கைப்பெட்டியையும் மக்கள் கோடாக் என்றனர். தான் ஆக்கிய சொல் ஊர்வழக்காவது கவிஞர்க்குப் பேறு, வணிகர்க்கோ இழப்பு. பொதுப்பெயராகிவிட்டால் சட்டக் காப்பு நீங்கும். ஆகவே ஈஸ்ட்மன் செய்யாதது கோடாக் ஆகாது என விளம்பரங்கள் வற்புறுத்தின. பொருளின்றிப் பிறந்த சொல்லுக்குப் பொருள் மிகாமல் காக்க வேண்டியதாயிற்று.

ஈஸ்ட்மன் மணம் புரியவில்லை. தம் பெயர் சொல்ல மக்களில்லை. முதுகெலும்பு நோயால் நலிந்து 1932 மார்ச் 14இல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவருடைய சாம்பல் ராச்செஸ்டரில், கோடாக் பூங்கா எனப் பெயர் பெற்றிருந்த தொழிற்சாலை வளாகத்தில் புதைக்கப்பட்டது.