நிறுத்துப் பார்த்து வாழ்ந்த குணங்குடியார்

வடசென்னை இராயபுரம், தண்டையார்பேட்டை வாசிகளுக்குக் குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களின் பெயர் புதியதன்று. தொண்டிப் பக்கமிருந்து வந்த அவர்களை மக்கள் ‘தொண்டியார்’ என்று அழைத்ததாலேயே தண்டையார்பேட்டை என்னும் பெயர் வந்தது என்பர்.

சுல்தான் அப்துல் காதிர் என்பது இயற்பெயர். தொண்டியை அடுத்த குணங்குடியில் 1792-ஆம் ஆண்டு பிறந்தார்கள். வசதியான குடும்பம். கீழக்கரையில் தைக்கா சாகிபு அவர்களிடம் மார்க்கக் கல்வி பயின்றார்கள். வாலிப வயதில் மாமன் மகளை மணம் பேசியபோது மறுத்துவிட்டார்கள்.

இங்கேதான் நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். நிக்காஹ் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சுன்னத்து. மனைவி மக்களைப் பேணுவதும் இபாதத்தே. ஆகவே மஸ்தான் சாகிபு அவர்களின் துறவு நமக்குச் சட்டமாகாது. அவர்களிடம் நாம் கற்க வேண்டியது வேறு. துன்யாவை அவர்கள் அவசரப்பட்டு உதறிவிடவில்லை. முதலில் இல்மைத் தேடினார்கள். பின்னர் 1813-இல் திரிசிரபுரம் சென்று மௌலவி ஷாம் சாகிபு அவர்களை ஷைகாக ஏற்றார்கள். திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் தனித்திருந்து தியானித்தார்கள். எது நிலைக்கும், எது அழியும் என்று பல ஆண்டுகள் நிறுத்துப் பார்த்த பிறகே இராயபுரம் வந்து தங்கினார்கள்.

அன்று அப்பகுதி முள்ளடர்ந்த காடு. இராயபுரம் ரயில் நிலையம் திறந்ததே 1856-இல்தான். அதற்கு 18 ஆண்டுகள் முன்னரே, 1838-இல், அவர்கள் வஃபாத்தாகி அங்கேயே அடக்கமானார்கள். சொத்தும் வாரிசும் விட்டுச் செல்லவில்லை. ஆனால் அவர்களின் பாடல்கள் நிலைத்தன. திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அவர்கள்மீது நான்மணிமாலை பாடினார். பாடல்கள் நூலாகவும் பதிப்பிக்கப்பட்டன.

இன்று அதே வட்டாரத்தில் துறைமுக லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. ஷிப்டு வேலைக்கு நிமிடம் தவறாமல் போகிறோம். அஸரின் வக்து கைநழுவிப் போவதை அறிவதில்லை. கல்யாணப் பந்தலுக்குக் கடன் வாங்குகிறோம். ஜகாத்தைக் கணக்கிட நேரமில்லை என்கிறோம். உழைப்பு குற்றமன்று. ஹலாலான சம்பாத்தியம் கடமையே. எதை எந்த இடத்தில் வைப்பது என்ற கணக்குப் பிசகியதுதான் குற்றம்.

காட்டுக்குப் போக வேண்டாம், சகோதரர்களே! இஷா தொழுதபின் ஐந்து நிமிடம் அமர்ந்து அன்றைய பொழுதை நிறுத்துப் பாருங்கள். தராசு சரியாக இருந்தால் வீடே தைக்காவாகும். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்தத் தெளிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.