பருவம் அறிந்த மருத்துவர்

நுழையும்முன்

மூலிகையின் மருத்துவக் குணம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. செடியின் வயதுக்கும் பருவத்திற்கும் ஏற்ப அதிலுள்ள வேதிப்பொருள்களின் அளவு கூடும், குறையும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகிய ஒரு செடியில் இவ்வேறுபாட்டை உணர்ந்து, இலை பறிக்கும் காலத்தை வரையறுத்த மருத்துவரின் வாழ்வைக் காண்போம்.

இளமையும் கல்வியும்

வில்லியம் விதரிங் 1741ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியிலுள்ள வெலிங்டனில் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1766இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்தில் அவருக்குத் தாவரவியலில் நாட்டமில்லை. ஸ்டாஃபோர்டு நகரில் மருத்துவம் பார்த்தபோது, மலர்களை ஓவியமாகத் தீட்டிய ஹெலனா குக்ஸ் என்பவருக்காகச் செடிகளைத் தேடிக் கொணர்ந்தார். அத்தேடல் அவரைத் தாவரவியலறிஞராக்கியது. ஹெலனா அவருடைய வாழ்க்கைத் துணையானார். பிரித்தானியத் தாவரங்களைப் பற்றிய அவரது பெருநூல் 1776இல் வெளிவந்தது.

மூதாட்டியின் மருந்து

உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு அக்காலத்தில் தக்க மருந்தில்லை. ஷ்ராப்ஷயர் மூதாட்டி ஒருவர் மறைவாகக் காத்துவந்த மருந்து, மருத்துவர்கள் கைவிட்டோரையும் சில வேளைகளில் குணப்படுத்தியது. 1775இல் அதுபற்றி விதரிங்கிடம் கருத்துக் கேட்கப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் கலந்த அம்மருந்தில் நோய் தீர்ப்பது டிஜிட்டாலிஸ் என்னும் செடியே என்பதை அவர் கண்டறிந்தார்.

பருவமும் அளவும்

அளவு மிகுந்தால் அச்செடி வாந்தியை உண்டாக்கும், பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றும், நாடி தளரும், உயிரும் போகும். எனவே சரியான அளவை அறிவது இன்றியமையாததாயிற்று. ஆனால், இலையின் வீரியம் பருவந்தோறும் மாறியதால் ஒரே எடை ஒரே பயனைத் தரவில்லை. இச்செடி முதலாண்டில் இலைகளை மட்டுமே விடும், இரண்டாமாண்டில் பூக்கும். பூக்கும் நிலையில் மட்டும் இலையைப் பறித்து, காம்பையும் நடுநரம்பையும் நீக்கி, உலர்த்திப் பொடியாக்கினால் அளவை உறுதிசெய்யலாம் என்று விதரிங் கருதினார். அவரது பட்டறிவு அதனை மெய்ப்பித்தது. சிறிய அளவில் தொடங்கி, மருந்தின் விளைவு தென்பட்டவுடன் நிறுத்தும் முறையையும் அவர் வகுத்தார்.

மறைக்காத ஆவணம்

பிறர் இம்மருந்தைக் கவனமின்றிக் கொடுக்கத் தொடங்கினர். இதனால் உயிர்கள் மாளும்; நல்ல மருந்தொன்று பழிக்கப்பட்டு ஒதுக்கப்படும் என்று விதரிங் அஞ்சினார். பத்தாண்டுக் குறிப்புகளைத் தொகுத்து 1785இல் நூலாக்கினார். குணமடைந்தோரை மட்டுமன்றி, மருந்து பயன்தராத நோயாளிகளையும் தம் தொடக்ககாலப் பிழைகளையும் அதில் பதிவுசெய்தார்.

விதரிங் 1799இல் மறைந்தார். அவருடைய நினைவுச் சின்னத்தில் டிஜிட்டாலிஸ் செடி செதுக்கப்பட்டுள்ளது. அவ்வினத்தைச் சேர்ந்த மற்றொரு செடியிலிருந்து 1930இல் டிகாக்சின் என்னும் தூய வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று இதயநோயாளிக்கு அது அளவிட்ட மாத்திரையாகக் கிடைக்கிறது. வேதிப்பொருளின் பெயரே அறியப்படாத காலத்தில், செடி பூக்கும் பருவத்தையே அளவுகோலாகக் கொண்டு உயிர்களைக் காத்தவர் விதரிங்.